அண்டாவும் மூடி இல்லாத ஐஸ் பெட்டியும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தொடங்கி கோட்டக்குப்பம் வரைக்கும் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். அத்தனை பேரிலும் ஒரு பொருளை இன்னொரு பொருளிலிருந்து பிரித்து வைக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் அண்டாதான். இதை எந்தப் பஞ்சாயத்தில் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்.

பெயர்தான் அண்டா. ஆள் கரண்டிக் காம்பு மாதிரி இருப்பார். காற்று பலமாக அடிக்கிற நாளில் உப்பளத்துப் பக்கம் நடந்து போனால் சட்டை மட்டும் தனியாகப் போவதுபோல் தெரியும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு முறை கூரியர் பையன் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, "அப்படி யாரும் இங்க இல்லையேப்பா" என்று அவரே சொல்லித் திருப்பி அனுப்பினார். அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினார்.

எங்கள் ஆபீஸ் மரக்காணத்தில் ஒரு பஞ்சர் கடை மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்பளம். மூடினாலும் உப்பளம்தான், காற்றில் உள்ளே வந்துவிடும். ஃபேன், நாற்காலிக் கால், ஸ்டேப்ளர் எல்லாம் துரு. அங்கே என்ன வேலை என்றால், தேடிக் கொடுக்கிற வேலை. இந்தக் கடற்கரையில் யாருக்கு எது வேண்டுமானாலும் எங்கள் ஆப்பில் தேடலாம். உப்பு லோடு, லாரி, படகு, வாடகை வீடு, வேலைக்கு ஆள், பழைய சாமான், எதுவாக இருந்தாலும் சரி. நான் மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றி விவரம் சேர்த்துக் கொண்டு வருவேன். அண்டா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். நான் பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் பாஷை எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். ஆட்கள் பேசுவதைக் கேட்பது மட்டும் பிறவியிலேயே வந்த பழக்கம். அண்டா பேசினால் டீ ஆறிப்போகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவருடைய சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, நாலு அடுக்கு கேரியரில் சோறு, குழம்பு, பொரியல், தயிர் என்று தனித்தனியாக, தினமும் ஒரு நம்பிக்கையோடு கொடுத்து அனுப்புவார். அண்டா கேரியரைத் திறந்ததும் நாலையும் பெரிய அடுக்கில் கவிழ்த்துவிடுவார். ஒரு நாள் அதில் பாயசமும் இருந்தது. அதுவும் உள்ளே போனது.

"அண்டாண்ணா, பாயசத்தையாவது விட்டு வைக்கக் கூடாதா?" என்றேன்.

"ஏம்பா, உள்ள போனா அதுங்க தனித்தனி பெஞ்சுல உக்காரப் போவுதா?" என்றார்.

தலைக்கு, உடம்புக்கு, துணிக்கு, பைக்குக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சோப்பு. "இது சட்டை, இது தலைன்னு சோப்புக்கு யாரு போயி சொல்றது?" என்பார். ஆபீஸ் சாவி, வீட்டுச் சாவி, பைக் சாவி, அண்ணியின் பீரோ சாவி எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கும். அவருக்குக் காய்ச்சல் என்றால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும், அவர் ஆபீஸுக்கு வந்துவிட்டால் அண்ணிக்கு மாற்றுப் புடவை கிடைக்காது. ஆபீஸில் கம்ப்யூட்டர், மோடம், ஃபேன், டீ கெட்டில் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருக்கும். அது ஏதோ பிள்ளை பெற்ற வீடு மாதிரி எந்நேரமும் சூடாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் அவர் வாட்ஸ்அப் குரூப். பெயர் 'எல்லாரும்'. ஆபீஸ் ஆட்கள், அண்ணி, மாமியார், மச்சான், பால்காரர், உப்பு வியாபாரிகள் என்று தெரிந்தவர் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். எங்கள் முதலாளியம்மாவும் இருந்தார். புதுச்சேரியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர், நறுக்கென்று பேசுகிறவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். ஒரு முறை மேடம் அதில், "நாளை பத்து மணிக்கு மீட்டிங், எல்லோரும் கட்டாயம் வரவும்" என்று போட்டார். மறுநாள் பத்து மணிக்குப் பால்காரர் முகம் கழுவி, விபூதி பூசி, வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் மேடம்.

"கட்டாயம்னு போட்டிருந்தீங்களேம்மா. கறவைய விட்டுட்டு வந்திருக்கிறேன்."

மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டார். அன்றைய கூட்டத்தில் உருப்படியாக ஒரு யோசனை சொன்னது பால்காரர் மட்டும்தான். ஆப்பில் எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிசாகப் போடுங்கள் என்றார். போட்டோம்.

இன்னொரு நாள் சர்வர் படுத்துவிட்டது என்று அண்டா குரூப்பில் போட, "வெறும் வயித்துல படுக்க விடாதீங்க, கொஞ்சம் கஞ்சி குடுங்க" என்று மாமியாரிடமிருந்து பதில் வந்தது.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரில் மட்டும் பிரித்து வைப்பாரா?

தேடல் எஞ்சினில் விவரத்தைப் போட்டு வைக்கிற இடத்துக்கு இண்டெக்ஸ் என்று பெயர். அந்தக் காலத்து எஞ்சினில் ஒரு இண்டெக்ஸுக்குள்ளேயே டைப் என்று சொல்லிப் பல வகைகளை வைத்துக்கொள்ளலாம். அண்டா எனக்கு விளக்கியது இப்படி:

"இண்டெக்ஸுன்னா அண்டா. டைப்புன்னா உள்ள இருக்கிறதுமேல ஒட்டற சீட்டு. ஒரே அண்டாவுல ஆளும் இருக்குது, லாரியும் இருக்குது, படகும் இருக்குது. யாரும் யாரையும் கடிக்கல. அப்புறம் இன்னொரு அண்டா எதுக்குயா?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

சீட்டு ஒட்டினாரே தவிர, தேடும்போது அதைப் பார்க்க மாட்டார். யார் எதைத் தேடினாலும் மொத்த அண்டாவையும் ஒரு கிண்டு கிண்டி மேலே வருவதைக் கொடுப்பார். சென்னையிலிருந்து ஒரு தம்பதி, சனி ஞாயிறு தங்குவதற்குக் கடலோரம் வீடு தேடினார்கள். கீற்றுக் கூரை வேண்டும், நல்ல காற்று வேண்டும், அக்கம்பக்கத்தில் சத்தம் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். ஆப் வழி காட்டியது. கார் வரப்பு வரைக்கும் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் கீற்று வேய்ந்த உப்புக் குவியல். காற்று நன்றாக இருந்தது. சத்தமும் இல்லை. அந்தம்மா போன் பண்ணி, "சார், கதவு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்டா அசரவில்லை.

"கேட்டது மூணும் இருந்துச்சா இல்லியா? அவங்க உப்பு வாங்கிட்டுதானே போனாங்க?" என்றார். வாங்கிக்கொண்டுதான் போயிருந்தார்கள். ஒரு மூட்டை, காரின் பின் சீட்டில் வைத்து.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கிரைண்டர் இருந்தது. அதைச் சொல்லாமல் அண்டாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஆப் தொடங்கிய புதிதில், சோதனைக்கு ஏதாவது ஒன்றை ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அனுமந்தையில் ஒரு வீட்டு வாசலில் 'கிரைண்டர் விற்பனைக்கு' என்று எழுதி மாட்டியிருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அதையே ஏற்றினார். என்ன டைப் என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'சும்மா' என்று போட்டார். பிறகு 'கிரைண்டர்' என்று தேடினார். வந்தது. சரி, நிஜமாகவே வீட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளம்பிப் போனார். கதவைத் திறந்தவர்தான் இப்போதைய அண்ணி. மாமியார் பெண்ணையும் கொடுத்தார், கிரைண்டரையும் கொடுத்தார்.

"கிரைண்டர் தேடினேன், குடும்பமே கெடச்சுது. நான் தனித்தனியா தேடியிருந்தா இந்நேரம் மாவு மட்டும் ஆட்டிக்கிட்டிருப்பேன்" என்பார்.

அந்த 'சும்மா' டைப்பில் அதற்கப்புறம் வேறெதையும் அவர் போடவில்லை. அந்த ஒரே ஒரு கிரைண்டர் மட்டும் விற்பனைக்கு என்ற அறிவிப்போடு வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்தது. ஆப்பில் எந்த மாற்றம் செய்தாலும் அண்டா 'கிரைண்டர்' என்று தேடிப் பார்ப்பார். வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

அந்தத் தேடல் எஞ்சினை எங்கேயோ வெளிநாட்டில் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் ஞானம் வந்தது. ஒரே இண்டெக்ஸுக்குள் பல டைப் வைத்தது தப்பு, இனிமேல் ஒரு வகைக்கு ஒரு இண்டெக்ஸ்தான், டைப் என்பதையே எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பழைய வெர்ஷன் உடனே நின்றுவிடவில்லை. தினமும் திரையில் மஞ்சள் எழுத்தில், இதைக் கைவிடப் போகிறோம், மாற்றிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது.

"அண்டாண்ணா, தினமும் ஏதோ சொல்லுதே?"

"மாமியார் மாதிரிப்பா. சொல்லிக்கிட்டே இருப்பாங்க, சோத்தையும் போட்டுருவாங்க. கண்டுக்காத."

இப்படியே காலம் ஓடியது. கடைசியில், நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த பழைய சர்வர்காரன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பழைய வெர்ஷனை மொத்தமாக நிறுத்துகிறேன், அதற்குள் எடுத்துக்கொண்டு போகாதவர்கள் விவரத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டான். மேடம் புது வெர்ஷனில் புது சர்வர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "வகைக்கு ஒரு இண்டெக்ஸ். பிரிச்சிடுங்க" என்றார்.

அண்டா பிரிப்பாரா? புதிய எஞ்சினுக்கும் அவர் ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டார். ஒரே இண்டெக்ஸ்தான். உள்ளே டைப்புக்குப் பதிலாக 'வகை' என்று நாமே ஒரு கட்டம் போட்டுக்கொண்டால் போதும். இது ஒன்றும் தப்பான வழி இல்லை. எஞ்சின் செய்தவர்களே அப்படியும் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மஞ்சளில் இருந்தது. அண்டா மஞ்சளைப் படிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

புதன்கிழமை ஒவ்வொரு வகையாக எடுத்துப் புது அண்டாவில் கொட்டினார். முதலில் ஆள், அப்புறம் லாரி, படகு, வீடு, உப்பு, அதற்கப்புறம் பழைய சாமான். ஆசையாகக் கடைசியில் 'சும்மா'. முடித்துவிட்டு 'கிரைண்டர்' என்று தேடினார். பளிச்சென்று முதலில் வந்தது. புது சர்வருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மேடம் மட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "மொத்த எண்ணிக்கை பாதிக்கும் கீழ இருக்குதே?" என்றார்.

"புது வெர்ஷன் நல்லா சுருக்குதுங்க மேடம். நாரத்தங்கா வெயில்ல வத்தற மாதிரி."

மேடத்துக்கு பாங்குக்குப் போகிற அவசரம். போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்திருந்தது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அஞ்சலை வந்தார். உப்பளத்தில் வாருவது, சுமப்பது எல்லாம் செய்கிற பெண்கள் பத்துப் பேர் கொண்ட செட்டுக்கு அவர்தான் தலைவி. மழை விழுந்துவிட்டால் பொங்கல் வரைக்கும் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் கல்யாணச் சமையலுக்கு எடுபிடி, குயிலாப்பாளையம் விடுதிகளில் துப்புரவு, கட்டிட வேலை என்று எங்கள் ஆப்பில் பார்த்துத்தான் அவர்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு அட்டை கொடுத்திருந்தோம். அதில் உள்ள கறுப்புக் கட்டத்தை போனில் காட்டினால் அவர்கள் விவரம் வரும்.

அஞ்சலை அந்த அட்டையை மேசைமேல் வைத்தார்.

"காட்டிப் பாருப்பா" என்றார் என்னிடம்.

காட்டினேன். 'ஐஸ் பெட்டி, பழையது, மூடி இல்லை' என்று வந்தது.

"ரெண்டு நாளா ஒருத்தனும் கூப்பிடல. என்னான்னு என் பொண்ணு போன்ல காட்டிப் பாத்தா. நான் எப்போப்பா ஐஸ் பொட்டி ஆனேன்?"

அண்டா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி காட்டினார். ஐஸ் பெட்டிதான்.

"மூடி இல்லன்னு வேற ஊரு பூரா சொல்லியிருக்கீங்க. என் வாயப் பத்திச் சொன்னீங்களா?"

"இல்லக்கா, இது ஏதோ..."

"இரு சார். பக்கத்து செட்டு முனியம்மா ஒடஞ்ச நாற்காலி. எதிர் செட்டு சாந்தி தையல் மிஷினு. அவ ஒருத்திதான் சந்தோஷமா இருக்கிறா, புது மாடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலை சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம முகூர்த்தம். சமையல் மேஸ்திரி ஒவ்வொரு மழைக்கும் எங்களத்தான் மொதல்ல கூப்பிடுவான். ஆப்புல பேரு இல்லன்னா, இந்தப் பொம்பளைங்க வேற எங்கியோ போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவான். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேற செட்டப் புடிச்சிட்டான்னா அப்புறம் அந்த செட்டுதான் தை வரைக்கும். எங்க பத்து பேரு அடுப்புக்கும் அவந்தான்."

அப்போதுதான் அண்டாவுக்கு உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். பழைய அண்டாவில் ஒவ்வொரு வகைக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். அஞ்சலை செட், ஆட்களில் பன்னிரண்டு. படகிலும் ஒரு பன்னிரண்டு இருந்தது. பழைய சாமானில் ஐஸ் பெட்டி பன்னிரண்டு. சீட்டு வேறு வேறாக இருந்ததால் அங்கே சண்டை இல்லை. புது அண்டாவில் அந்தச் சீட்டு கிடையாது, ஒரு எண்ணுக்கு ஒரே இடம்தான். படகு வந்து அஞ்சலைமேல் உட்கார்ந்தது. ஐஸ் பெட்டி வந்து படகுமேல் உட்கார்ந்தது. எண்ணோடு வகையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் அந்த மஞ்சள் எச்சரிக்கை. கிரைண்டர் கடைசியாக வந்ததால் அது மட்டும் யார் காலுக்கடியிலும் சிக்காமல் முதல் இடத்தில் ஜம்மென்று இருந்தது. வேலைக்கு ஆள் என்று தேடினால், பட்டியல் வாலில் பெரிய எண்ணோடு இருந்த சிலர்தான் தப்பிப் பிழைத்து வந்தார்கள்.

மேடம் படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டார். நாங்கள் பயந்தபடி கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழைய சர்வர் இன்னும் ஓடுது. ஆறு மணி வரைக்கும் எல்லாம் அங்க இருக்குது. என்ன பண்ணப் போறீங்க?"

"எண்ணுக்கு முன்னால வகை பேரச் சேத்து மறுபடி ஒரே இண்டெக்ஸ்ல..."

"மறுபடி ஒரே இண்டெக்ஸா?"

"அதுவும் சரியா வரும்ங்க மேடம்."

"வரும். அதையே இன்னொரு வாட்டி கிண்டி உப்புக் குவியல வீடுன்னு காட்டுவீங்க. எனக்கு வேணாம்."

அண்டா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒரு ஓட்டாவது விழுமா என்று. நான் ஜன்னலைப் பார்த்தேன். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சார், உன் அண்டா நல்ல அண்டாதான். நான் குத்தம் சொல்லல. ஆனா எங்களத் தனியா வெய்யி. நாங்க கூப்பிட்டா வர்றவங்க. ஐஸ் பொட்டி வராது."

அண்டா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் இண்டெக்ஸுக்கு 'ஆள்' என்று பெயர் வைத்தார். பழைய சர்வரிலிருந்து புது சர்வர் தானே இழுத்துக்கொள்ளும்படி கட்டளை கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுகிற அப்பா மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு, "போம்மா, போயி தனியா நல்லா இரு" என்றார். அடுத்து 'லாரி'. "நீயும் கெளம்பு." படகுக்கு மட்டும், "நீ போயி யார் மேலயும் ஏறாத" என்று ஒரு புத்திமதி.

நாலு மணிக்கு மழை பிடித்தது. நனைந்துகொண்டே பால்காரர் ஒதுங்க வந்தார். பிரச்சினையைக் குரூப்பில் படித்துவிட்டு, ஏதாவது ஒத்தாசை செய்யலாம் என்றும் வந்திருக்கிறார். எல்லோர் முகமும் தொங்கிப் போயிருப்பதைப் பார்த்து, அவர் பாலிலேயே டீ போடலாம் என்று நல்ல மனசோடு கெட்டில் சுவிட்சைத் தட்டினார்.

டப் என்று ஒரு சத்தம். எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து ஒரு கோடு புகை. கம்ப்யூட்டர், மோடம், ஃபேன் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின.

பால்காரர் கெட்டிலைக் கையில் பிடித்தபடி, "நான் கூட்டத்துக்கு வந்தப்பல்லாம் நல்லாதானே நடந்துச்சு" என்றார்.

"இதையும் ஒண்ணாதான் செருகி வெச்சிருந்தீங்களா?" என்றார் மேடம்.

"சௌகரியமா இருந்துச்சுங்க மேடம்" என்றார் அண்டா, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில்.

மேடம் தன் லேப்டாப்பை எடுத்தார். நான் என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். மழைக்கு சிக்னல் வந்து வந்து போனது. அஞ்சலை என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டவைத்து, "அங்கியே புடி, ஆட்டாத" என்றார். கம்பம் மாதிரி நின்றேன். புது சர்வரின் பக்கம் திறந்தது. கணக்கு நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அந்த இரண்டு சர்வரும் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலை நிறுத்தவே இல்லை. ஆள் முழுசாக வந்திருந்தது. லாரி வந்திருந்தது. படகு பாதியில் வந்துகொண்டிருந்தது.

"நாம கத்தலன்னாலும் அது பாட்டுக்கு வேலையப் பாக்குது பாரு" என்றார் அண்டா. கொஞ்சம் சந்தோஷமும் கொஞ்சம் வருத்தமும் அதில் இருந்தது.

மீதி வகைகளுக்கும் லேப்டாப்பிலிருந்தே கட்டளை கொடுத்துவிட்டு, மேடம் ஆப்பைப் புது இண்டெக்ஸ்கள் பக்கம் திருப்பிவிட்டார். அண்டா தன் போனில் அஞ்சலையின் அட்டையை மறுபடி காட்டினார். 'அஞ்சலை செட், பத்துப் பேர், சமையல் உதவி, துப்புரவு, சுமை' என்று வந்தது. அஞ்சலை போனை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாததால் பால்காரரிடம் கொடுத்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து படியிறங்கினார்.

பாதிப் படியில் அவர் போன் அடித்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"ம்... சொல்லு மேஸ்திரி... எங்க போனேனா? நான் எங்கியும் போகல, இங்கதான் இருக்கிறேன்... ம்... பத்து பேரும் வர்றோம்... காலையில வண்டி அனுப்பிடு."

படியிலிருந்து அவர் குரல் மேலே வந்தது.

"சார், மூடி கெடச்சிடுச்சு."

பால்காரர் கைதட்டினார். நான் ஜன்னலிலிருந்து கையை உள்ளே இழுத்தேன், விரல் எல்லாம் விறைத்திருந்தது. வீடு வந்துவிட்டது, உப்பு வந்துவிட்டது, பழைய சாமானும் வந்துவிட்டது. ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மேடம் லேப்டாப்பை மூடப் போனார்.

"மேடம், ஒண்ணு பாக்கி" என்றார் அண்டா.

"என்ன?"

"சும்மா."

"சும்மான்னா?"

"அந்த டைப்புங்க. அதுல ஒண்ணே ஒண்ணு இருக்குது."

மேடம் பார்த்தார். கிரைண்டர். விற்பனைக்கு. அனுமந்தை.

"இது வித்துப் போயி எவ்வளவு வருஷம் ஆச்சு. பழைய சாமான்ல தூக்கிப் போடுங்க, இல்ல விட்டுடுங்க."

"பழைய சாமான் இல்லிங்க மேடம் அது" என்றார் அண்டா. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

மேடத்துக்குக் கிரைண்டர் கதை தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பால்காரர் முந்திக்கொண்டார்.

"அம்மா, அது அவரு கல்யாணப் பத்திரிகைம்மா."

மேடம் ஒரு நிமிஷம் அண்டாவைப் பார்த்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வகைக்கு ஒரு இண்டெக்ஸ்னு நான்தானே சொன்னேன். போடுங்க."

ஒரே ஒரு கிரைண்டருக்காக, 'சும்மா' என்ற பெயரில், தனியாக ஒரு இண்டெக்ஸ் பிறந்தது. உலகத்திலேயே சின்ன அண்டா அதுவாகத்தான் இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் அது இந்தப் பக்கம் வந்துவிட்டது. அண்டா 'கிரைண்டர்' என்று தேடினார். வந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய சர்வர் நின்றது. வெளியே உப்பளப் பாத்தி எல்லாம் மழைத் தண்ணீரில் நிரம்பி ஒரே குளமாகக் கிடந்தது. அண்டா அதைப் பார்த்துக்கொண்டு, "பாரு, அங்க எல்லாம் ஒண்ணாக் கலந்துடுச்சு, அத மட்டும் யாரும் கேக்கறதில்ல" என்றார்.

அன்றைக்கு அப்புறம் அண்டா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் மத்தியானம் கேரியரைத் திறந்து, நாலு அடுக்கையும் தனித்தனியாக வரிசையாக வைத்தார். நாங்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தோம். ஒரு வாய் சோறு, ஒரு வாய் பொரியல் என்று இரண்டு சுற்று சாப்பிட்டார். பிறகு, "ஒருத்தருக்கொருத்தர் பேசாத வீடு மாதிரி இருக்குது" என்று சொல்லி நாலையும் கவிழ்த்துவிட்டார்.

ஆனால் ஒன்று செய்தார். வாட்ஸ்அப்பில் 'எல்லாரும்' குரூப்பைக் கலைத்துவிட்டார். ஆபீஸுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று, உப்பு வியாபாரத்துக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. மேடம் பாராட்டி ஆபீஸ் குரூப்பில் ஒரு பூங்கொத்து போட்டார். அது முதல் தடவையாக மாமியாருக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் என் போனைப் பார்த்தேன். அந்த ஐந்து குரூப்பிலும் நான் இருந்தேன்.

"அண்டாண்ணா, ஆபீஸ் சரி. உங்க மாமியார் வீட்டு குரூப்புல நான் எதுக்கு? பால் குரூப்புல எதுக்கு? நான் உங்க தெருவுல கூட இல்லையே?"

அண்டா தலையைச் சொறிந்தார். "பிரிக்கும்போது ஒவ்வொருத்தரா எடுத்து வெச்சேன்யா. எல்லாரும் எதுலயாவது அடங்கிட்டாங்க. உன்ன எதுல போடறதுன்னு தெரியல. அதான்" என்றார்.

நான் அந்த ஆபீஸை விட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே எங்கள் வீட்டில் பாக்கெட் பால்தான். நேற்று ராத்திரி பால் குரூப்பில், மாட்டுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்குப் பால் வராது என்று செய்தி வந்தது.

சரி, மாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன்.